நிறுத்த வேண்டும், பிடிக்க வேண்டும், போய்ச் சேர வேண்டும்: கணவாய்க் காற்றில் சிலந்தி வலைகள்

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போகும் சாலைகள் கோபாலபுரத்திலோ மீனாட்சிபுரத்திலோ கேரள எல்லையைத் தொடுகின்றன. வழி நெடுகத் தென்னந்தோப்பு. ஆனைமலைப் பக்கம் திரும்பினால் ஆழியாற்றுப் பாசனத்தில் நெல் வயல். தெற்கே சேத்துமடையைத் தாண்டினால் டாப்ஸ்லிப் காடு. கிழக்கே உடுமலைப் பக்கம் நகர நகரக் காய்ந்த மேட்டாங்காடும் முள்வேலியும். இவை எல்லாவற்றையும் உலுக்கியபடி, வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து ஆவணி வரை ஓயாத காற்று. சிலந்தி வலைகளைப் படிக்க நினைப்பவருக்கு இந்த வட்டாரத்தைவிட வாகான இடம் அமைவது அரிது. ஒரே நாளில் பைக்கில் சுற்றிவிடக்கூடிய தூரத்துக்குள் ஈரக்காடு, காற்றடிக்கும் தோப்பு, தண்ணீர் நிற்கும் வயல், வறண்ட வேலி நான்கும் இருக்கின்றன. நான்கிலும் வலை வேறு வேறு விதமாக இருக்கிறது.

வலையை விரித்து வைத்தால் பூச்சி தானே வந்து ஒட்டிக்கொள்ளும், சிலந்தி சாவகாசமாக வந்து தின்னும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரு வலைக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், அந்த எண்ணம் போய்விடும். மோதுகிற பூச்சிகளில் பல, சில விநாடிகளில் பிய்த்துக்கொண்டு போய்விடுகின்றன. வேட்டை முடிய மூன்று காரியம் நடந்தாக வேண்டும். பறந்து வரும் பூச்சியை வலை கிழியாமல் நிறுத்த வேண்டும். நின்ற பூச்சியைச் சில விநாடியாவது நழுவவிடாமல் பிடித்து வைக்க வேண்டும். அந்த அவகாசத்துக்குள் சிலந்தி போய்ச் சேர வேண்டும். ஒன்றுக்கு அதிகம் செலவிட்டால் இன்னொன்றில் கை இறுகும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், எந்த வலையும் ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

வட்ட வலை எழும் வரிசை

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-க்கு மேல். அவற்றில் எல்லாமே வலை கட்டுவதில்லை. கட்டுபவற்றிலும் வட்ட வலை கட்டுபவை ஒரு பகுதிதான். ஆனாலும் வட்ட வலையிலிருந்து தொடங்குவதே நல்லது. மூன்று காரியங்களும் அதில்தான் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகின்றன.

முதல் நூலைச் சிலந்தி கட்டுவதில்லை, காற்றில் விடுகிறது. ஓர் இலை நுனியில் நின்று வயிற்றுப் பின்முனையைத் தூக்கி நூலை வெளியே விட, இளங்காற்று அதை எடுத்துக்கொண்டு போகிறது. எதிரே எங்காவது ஒட்டியதும் சிலந்தி இழுத்துப் பார்த்து, தொய்வு இல்லாமல் முடிச்சிடுகிறது. பிறகு அந்தப் பாலத்தின் மேல் நடந்தபடியே, பழைய நூலைச் சுருட்டிக்கொண்டு வலுவான புதிய நூலைப் போடுகிறது. ஓடைக்கு இந்தக் கரையும் அந்தக் கரையுமாகப் பாலம் எப்படிப் போட்டது என்று வியக்கிறோமே, இப்படித்தான்.

அடுத்து, பாலத்துக்குக் கீழே தொய்வாக இன்னொரு நூல். அதன் நடுவிலிருந்து சிலந்தி கீழே இறங்கித் தரையிலோ செடியிலோ ஒட்டி இழுக்க, ஆங்கில எழுத்து 'ஒய்' வடிவம் கிடைக்கிறது. மூன்று கைகள் சேரும் இடம்தான் வலையின் மையம். அதன் பிறகு வெளிச்சட்டம். பிறகு மையத்திலிருந்து சட்டத்துக்கு ஆரநூல்கள், பொதுவாக 20 முதல் 40 வரை. ஒரு பக்கம் ஒன்று போட்டால் அடுத்தது எதிர்ப்பக்கம். எல்லாவற்றையும் ஒரே பக்கமாகப் போட்டால் மையம் அந்தப் பக்கம் இழுபட்டுவிடும்.

இதுவரை போட்டதில் எந்த நூலும் ஒட்டாது. இனி மையத்திலிருந்து வெளியே நோக்கி, அகலமான இடைவெளியில் ஒரு சுருள். இதுவும் ஒட்டாது. இது சாரம், ஆரநூல்களை ஆடாமல் பிடித்து வைக்கவும் அடுத்த வேலையில் கால் வைத்து நடக்கவும் மட்டும். கடைசியில் வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கி நெருக்கமாக ஒட்டும் சுருள். முன்காலால் முந்தைய சுற்றைத் தொட்டு இடைவெளி அளந்து, பின்காலால் நூலை இழுத்து, ஒவ்வோர் ஆரநூலிலும் ஒரு தட்டு. போகப் போகச் சாரத்தைக் கடித்து எடுத்துவிடுகிறது. முழு வேலைக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள தோட்டச் சிலந்தி ஒரு வலைக்கு ஏறத்தாழ 20 மீட்டர் நூல் விடுகிறது. மொத்த எடை ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு.

இந்த வேலையைப் பார்க்க நேரம் முக்கியம். பகலில் வலையில் உட்காரும் ஆர்ஜியோப் வகை விடியலுக்கு முன் கட்டுகிறது. தோப்பில் இரவு வேட்டையாடும் நியோஸ்கோனா அந்தி மயங்கும் நேரத்தில் தொடங்குகிறது. பல சமயம் விடிவதற்குள் வலையைச் சுருட்டித் தின்றுவிட்டு இலை மறைவுக்குப் போய்விடும். பழைய வலையைத் தின்பது வீண் வேலை இல்லை. அதிலுள்ள புரதத்தின் பெரும்பகுதி அடுத்த வலைக்கே திரும்பி வருகிறது. கூடவே ஒட்டியிருக்கும் மகரந்தமும் சிறு கொசுவும் வயிற்றுக்குள் போகின்றன.

மையம் நட்ட நடுவில் இருப்பதில்லை, சற்று மேலே இருக்கும் என்பதையும் கவனியுங்கள். தலைகீழாகக் காத்திருக்கும் சிலந்தி மேலே ஏறுவதைவிடக் கீழே வேகமாக ஓடும். சீக்கிரம் போய்ச் சேரக்கூடிய பக்கத்தில் வலை பெரிதாக இருப்பதே லாபம். மூன்றாவது காரியத்துக்கான கணக்கு இது.

எந்த நூல் எதற்கு

வயிற்று முனையில் மூன்று சோடிக் காம்புகள். உள்ளே ஏழு வகை வரை நூல் சுரப்பிகள். சட்டத்துக்கும் ஆரநூலுக்கும் ஒன்று. சாரச் சுருளுக்கு ஒன்று. ஒட்டும் சுருளின் உள்நூலுக்கு ஒன்று. அதன் மேல் பூசும் பசைக்கு ஒன்று. நூலைப் பரப்பில் ஒட்டும் தட்டுக்கு ஒன்று. இரையைச் சுற்ற ஒன்று. முட்டைப் பொதிக்கு ஒன்று. ஒரே சிலந்தியிடம் ஏழு தனித்தனிச் சரக்கு. இதை விட்டுவிட்டு 'சிலந்தி நூல் இரும்பைவிட வலுவானது' என்று மட்டும் சொல்வது பாதிச் சேதிதான். எந்த நூல் என்று கேட்க வேண்டும்.

ஆரநூல் கெட்டியானது, உடையும் முன் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீளும். ஒட்டும் சுருளின் நூல் இளகியது. தன் நீளத்தைப் போல மூன்று மடங்கு வரை இழுபடும். தேனீ ஒன்று வேகமாக வந்து மோதும்போது அந்த வேகத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது ஆரநூல்கள். இழுபட்டுத் திரும்பும்போது அவை வாங்கிய விசையை அப்படியே திருப்பித் தருவதில்லை, வெப்பமாகக் கரைத்துவிடுகின்றன. அதனால்தான் பூச்சி எதிர்ப்பக்கம் எகிறி விழுவதில்லை. கொடியில் தொங்கும் ஈரப்போர்வையில் பந்தை எறிந்தால் அது அங்கேயே சரிந்து விழுமே, அந்த மாதிரி.

பிடித்து வைப்பது ஒட்டும் சுருளின் வேலை. பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வலைக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். நூல் முழுக்கச் சீரான இடைவெளியில் துளிகள் கோத்திருக்கும். சிலந்தி துளித் துளியாக வைப்பதில்லை. பசையை நூல் மேல் ஒரே பூச்சாகப் பூசுகிறது, அது தன் பரப்பு இழுவிசையால் தானே துளிகளாகப் பிரிந்துகொள்கிறது. ஒவ்வொரு துளியின் உள்ளேயும் ஒட்டும் புரதம், வெளியே நீர், நீரில் கரைந்த உப்பு மாதிரியான பொருள்கள். அந்தப் பொருள்கள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துளியை உலராமல் வைக்கின்றன. நூல் தளர்ந்தால் தொய்ந்து தொங்க வேண்டும் அல்லவா? தொங்காது. உபரி நூல் துளிக்குள்ளேயே சுருண்டு அடங்கிக்கொள்கிறது. இழுத்தால் மறுபடி வெளியே வருகிறது. காற்றில் வலை ஓயாமல் ஆடியும் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஈரம் கூடினாலும் சிக்கல், குறைந்தாலும் சிக்கல். உச்சி வெயிலில் துளி வற்றிப் பசை விறைக்கிறது, பூச்சியின் உடலில் பரவ மாட்டேன் என்கிறது. சாரல் அடிக்கும் நாளில் துளி நீர்த்துப்போய் வழுக்குகிறது. எந்த ஈரத்தில் மிக நன்றாக ஒட்டும் என்பது இனத்துக்கு இனம் மாறுகிறது. அது வாழும் இடத்தின் ஈரத்தோடு பொருந்தியும் இருக்கிறது. மழைக்காட்டுச் சிலந்தியின் பசையைச் சித்திரை வெயிலில் காயும் வேலிக்குக் கொண்டுவந்தால் வேலைக்கு ஆகாது.

தூசியும் இதே கெடுதியைச் செய்யும். இந்தப் பக்கம் தென்னை நார் மில்கள் ஏராளம். நார்த்தூள் பறக்கும் இடத்தில் உள்ள வலையை லென்ஸில் பார்த்தால் துளிகள் மேல் பழுப்புத் துகள் அப்பியிருக்கும். தூசி ஒட்டிய துளியில் பூச்சி ஒட்ட இடமில்லை. புது வலையாக இருந்தும் வேட்டை விழவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அந்துப்பூச்சியும் வண்ணத்துப்பூச்சியும் இதே வழியில்தான் தப்புகின்றன. சிறகுச் செதில்கள் கழன்று பசையில் ஒட்டிக்கொள்ள, பூச்சி நழுவிவிடுகிறது. வெள்ளை ஈயின் மேலுள்ள மெழுகு மாவும் இப்படிக் கழன்றுபோகிறது. 2016-இல் பொள்ளாச்சித் தென்னைகளில் முதன்முதலாகத் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயைச் சிலந்திகள் பிடித்துத் தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பசை வலைக்கு எதிராகவே மாவு பூசிய பூச்சி அது. அதற்கு என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவிதான் சரியான ஆள்.

சிலந்தி மட்டும் ஏன் ஒட்டிக்கொள்வதில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். முதல் காரணம், அது நடப்பது பெரும்பாலும் ஒட்டாத ஆரநூல்களில். ஒட்டும் நூலைத் தொட வேண்டி வந்தால், காலிலுள்ள கிளைத்த மயிர் நுனிகள் மட்டுமே படும்படி மெதுவாகத் தொட்டு, மெதுவாக எடுக்கிறது. அந்த மயிரின் மேல் ஒட்டுதலைக் குறைக்கும் பூச்சும் இருக்கிறது. சாமர்த்தியம் பாதி, உடலமைப்பு பாதி. சிலந்தியை எடுத்து அதன் வலை மேலேயே எறிந்தால் அதுவும் கொஞ்ச நேரம் திணறத்தான் செய்யும்.

அதிர்வு சொல்லும் சேதி

வட்ட வலைச் சிலந்திக்கு எட்டுக் கண் இருந்தும் பார்வை மங்கல். அது வலையைக் காலால் கேட்கிறது. கால் மூட்டுகளுக்கு அருகே வெளித்தோலில் நுண்ணிய கீறல் வடிவ உணர்விகள் உள்ளன. நூலின் அதிர்வு காலை அசைக்கும்போது அந்தக் கீறல் நெரிபட்டுச் சேதி உள்ளே போகிறது. எந்தக் காலுக்கு அதிர்வு அதிகம் வருகிறதோ அந்த ஆரநூலில் இரை. பூச்சி அசையாமல் கிடந்தால் சிலந்தி மையத்தில் நின்றபடி ஆரநூல்களை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்க்கிறது. பாரம் ஏறிய நூல் வேறு விதமாக அதிரும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. 1880-இல் சார்ல்ஸ் வெர்னான் பாய்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் இசைக்கவையைத் தட்டி வலை கட்டியிருந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். சிலந்தி இரை என்று எண்ணி ஓடிவந்தது. நம் பள்ளி ஆய்வகத்திலுள்ள 256 அல்லது 512 எண்ணிட்ட இசைக்கவையே போதும். ரப்பர் மூடியில் தட்டி, வலையைத் தாங்கும் இலையிலோ வெளிச்சட்ட நூலிலோ லேசாக வையுங்கள். ஒட்டும் சுருளில் வைக்கக் கூடாது. கவை ஒட்டிக்கொண்டு வலை கிழியும். பெரும்பாலும் சிலந்தி உடனே அந்தப் பக்கம் திரும்பும். கவையைச் சிலந்திக்கு நேராக, தொடாமல், நெருக்கமாகக் கொண்டுபோனால் நடப்பது வேறு: நூலை விட்டபடி கீழே குதித்துவிடும். நெருங்கிவரும் குளவியின் ரீங்காரமும் அதற்கு அப்படித்தான் கேட்கும் போலும். களிமண் கூடு கட்டும் குளவிகள் சிலந்தியைக் கொட்டி மயக்கித் தம் புழுவுக்குத் தீனியாக அடைப்பவை. ஒரு கூட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே உயிரோடு அசையாமல் சிலந்திகள் அடுக்கியிருக்கும்.

ஓடிப்போன சிலந்தி முதலில் சுற்றுமா, கடிக்குமா? அது சிலந்தியையும் இரையையும் பொறுத்தது. வலை நடுவே கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து எக்ஸ் வடிவில் உட்காரும் ஆர்ஜியோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்கிளி விழுந்தால் அது முன்பக்கம் போவதில்லை. திரும்பி நின்று, நான்காம் சோடிக் காலால் வயிற்றிலிருந்து நூலை வாரி வாரி வீசுகிறது. ஒற்றை நூல் வராது. பட்டையாக, வெண்மையான தகடாக வரும். வெட்டுக்கிளியின் உதைகால் கட்டுண்ட பிறகுதான் கடி. அந்துப்பூச்சி விழுந்தால் இதே சிலந்தி நேராகப் போய்க் கடிக்கிறது. செதில் கழன்று ஓடுபவனைச் சுற்றிக்கொண்டிருக்க நேரமில்லை. தொட்ட மாத்திரத்தில் இரையின் வகை தெரிந்து முறையை மாற்றுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

டாப்ஸ்லிப் பக்கத்துக் காட்டில் காணும் மாபெரும் மரச்சிலந்தி நெஃபிலாவின் முறை வேறு. அது எதையும் முதலில் கடிக்கும். கடித்துப் பிடித்து அடங்கிய பிறகே பிய்த்து எடுத்து மையத்துக்குக் கொண்டுபோய்ச் சுற்றும். பெண்ணின் உடல் மட்டும் 3 முதல் 5 சென்டிமீட்டர். ஆண் சில மில்லிமீட்டர். உடல் பெரிதாக இருப்பதால் இந்த முறை அதற்குக் கட்டுபடியாகிறது. நாற்றப்பூச்சியோ பெரிய குளவியோ விழுந்தால் சில சிலந்திகள் சுற்றிலும் நூலை வெட்டிக் கீழே தள்ளிவிடும். வலை கொஞ்சம் போனாலும் பரவாயில்லை என்ற முடிவு.

சிலந்தி மென்று தின்பதில்லை. செரிமானச் சாற்றை இரைக்குள் விட்டு, கரைந்ததை உறிஞ்சுகிறது. வலைக்கடியில் கிடக்கும் ஓடுகளை எடுத்துப் பார்த்தால் சிறகும் தோலும் முழுசாக இருக்க, உள்ளே ஒன்றும் இருக்காது. அந்த ஓடுகளைச் சேர்த்தாலே அந்தச் சிலந்தியின் ஒரு வாரச் சாப்பாட்டுப் பட்டியல் கிடைத்துவிடும்.

காற்று, மஞ்சள் நிறம், வெள்ளைக் கோலம்

ஆடியில் இங்கே வட்ட வலை கட்டுவது கஷ்டம். அசையும் மட்டைகளுக்கு இடையே சட்டநூல் போட்டால், மட்டை விலகும்போது நூல் அறுகிறது. காற்றடிக்கும் சூழலில் வட்ட வலைச் சிலந்திகள் வலையைச் சிறிதாக்கி, ஒட்டும் சுற்றுகளைக் குறைத்துக் கட்டுவது சோதனைகளில் தெரிந்த விஷயம். வலைப் பரப்பு குறைந்தால் காற்றின் தள்ளலும் குறையும், வேட்டையும் குறையும். தோப்பில் தேடுபவர் மேலே பார்க்காமல் கீழே பார்க்க வேண்டும்: மரத்தின் கிழக்குப் பக்கம், வரப்பு ஓரப் புல், கோகோ, ஜாதிக்காய் ஊடுபயிருக்குள். ஊடுபயிர் அடர்ந்த தோப்பில் காற்று அடங்கி ஈரமும் நிற்பதால் வலைக்கு அது நல்ல இடம். ஐப்பசி, கார்த்திகையில் காற்று விட்டதும் வலைகள் பெரிதாவதையும், மார்கழிப் பனியில் அவை பளிச்சென்று தெரிவதையும் பார்க்கலாம்.

நெஃபிலாவின் வலை ஒரு மீட்டருக்கு மேல் விரியும், பாலநூல் பல மீட்டர் போகும். அதைத் தினமும் தின்று தினமும் கட்டினால் கட்டுபடியாகாது. அதனால் பாதிப் பாதியாகப் புதுப்பிக்கிறது. சாரச் சுருளையும் அறுக்காமல் வலைக்குள்ளேயே விட்டுவைக்கிறது. நூலின் நிறம் மஞ்சள். வெயில் படும் இடத்தில் அந்த மஞ்சள் தேனீக்களை ஈர்ப்பதாகச் சோதனைகள் காட்டுகின்றன. நம் தோப்புகளில் வெள்ளை ஈக்காக விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் பாலித்தீன் தாளைக் கட்டுகிறார்கள். பூச்சியின் கண்ணுக்கு மஞ்சள் என்றால் தளிரும் பூவும். இரண்டும் ஒரே பலவீனத்தைத்தான் பயன்படுத்துகின்றன.

ஆர்ஜியோப் வலை நடுவில் வெள்ளையாகக் கோணல்மாணலாகத் தைத்தது போல் ஒரு பட்டை இருக்கும். அது எதற்கு என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. புறஊதா ஒளியைத் திருப்பி அனுப்பிப் பூச்சியை வரவழைக்கிறது என்பது ஒரு பக்கம். பறவை மோதி வலையைக் கிழிக்காமல் எச்சரிக்கிறது, சிலந்தியின் உருவத்தை மறைக்கிறது என்பது இன்னொரு பக்கம். வலைக்கு வலு சேர்க்கிறது என்ற பழைய விளக்கம்தான் இவற்றில் மிகவும் பலவீனமானது. அந்தப் பட்டை வலையோடு தளர்வாகவே ஒட்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பறக்கும் பூச்சிகளின் உடலில் மின்னூட்டம் ஏறுகிறது. அது நெருங்கும்போது மெல்லிய ஒட்டும் நூல் பூச்சியை நோக்கி வளைகிறது. மயிரிழை தூரத்தில் தப்பியிருக்க வேண்டிய பூச்சி இதனால் மாட்டுகிறது.

பசை இல்லாத வலைகள்

கிழக்கே முள்வேலிகளில் அழுக்குப் பஞ்சு மூட்டையாகத் தெரிவது ஸ்டெகோடைஃபஸ் என்ற கூட்டுச் சிலந்தியின் வீடு. பத்திலிருந்து நூற்றுக்கணக்கு வரை ஒன்றாக வாழ்ந்து, பெரிய பூச்சி விழுந்தால் பல சிலந்திகள் சேர்ந்து இழுத்துப் போகும். இதன் நூலில் பசைத்துளி கிடையாது. ஆயிரக்கணக்கான நுண்ணிழைகளைப் பின்காலிலுள்ள சீப்பால் வாரிப் பஞ்சாக்கிப் போடுகிறது. பூச்சியின் மயிரும் முள்ளும் அதில் சிக்குகின்றன; பூச்சித் தோலின் மெழுகே இழைகளுக்குள் ஊறி ஒட்டுதலைக் கூட்டுகிறது. உலர்ந்த இடத்திலும் பிடிப்பு போகாது என்பதால் வறண்ட வேலிக்கு ஏற்ற வலை. ஒரு நூல் போட வெகுநேரம் பிடிக்கும், அதுதான் குறை. இதே வகை நூல் போடும் உலோபோரஸ் குடும்பத்துக்கு விஷச் சுரப்பியே இல்லை. அவற்றில் சில, ஒரே இரையைச் சுற்ற நூறு மீட்டருக்கும் மேல் நூல் செலவிடுகின்றன.

கத்தாழையிலும் கள்ளியிலும் கூடாரமாக விரிந்திருப்பது சிர்ட்டோஃபோரா. ஒட்டும் நூல் இல்லாத, நெருங்கிய கண்ணிகள் கொண்ட கிடைத்தகடு; மேலே குறுக்கும் நெடுக்குமாக இடறு நூல்கள். இடறி விழும் பூச்சியைச் சிலந்தி அடியிலிருந்து பிடிக்கிறது. மழையும் தூசியும் இதைப் பெரிதாகப் பாதிக்காததால் வாரக்கணக்கில் நிற்கும்.

வரப்புப் புல்லில் பனிக்காலக் காலையில் வெள்ளைத் துணிகளாகத் தெரிபவை ஹிப்பாசாவின் வலைகள், ஒரு முனையில் குழாய். இதிலும் பசை இல்லை. பூச்சியின் கால் தடுக்கும் அந்த ஒரு நொடியில் குழாயிலிருந்து பாய்கிறது. முதல் இரண்டு காரியத்தில் மிச்சம் பிடித்து மூன்றாவதில் மொத்தத்தையும் போட்ட வேட்டைக்காரன்.

வீட்டு மூலையில் நீளக்காலோடு தொங்கி, தொட்டால் கிறுகிறுவென்று சுழல்வதும் வலைச் சிலந்திதான். கொசு தின்னும், மனிதருக்குத் தீங்கில்லை. ஒட்டடை அடிக்கும்போது பழைய வலையை எடுத்துவிட்டுச் சிலந்தியை விட்டுவிடலாம்.

நெல் வயலில்

ஆனைமலைப் பக்கத்து வயல்களில் இந்த விவரமெல்லாம் பணமாக மாறுகிறது. நெல் இலை நுனிகளுக்கு இடையே, தண்ணீருக்கு மேல், சாய்வாகவோ கிடையாகவோ சிறு வட்ட வலை கட்டுவது டெட்ராக்னாதா. பகலில் நீளக் கால்களை முன்னும் பின்னும் நீட்டி இலையோடு இலையாகப் படுத்திருக்கும். அதன் வலையில் ஆரநூல் குறைவு, சுற்றுகள் அகலம், மையத்தில் ஓட்டை. நிறுத்தும் வலு அதிகம் இல்லை. ஆனால் பச்சைத் தத்துப்பூச்சி மாதிரிச் சின்னப் பூச்சிக்கு அது போதும். பயிரின் அடித்தூரில் வலை கட்டாமல் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தி, அங்கே சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தின்கிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று.

பூச்சிமருந்து இந்த இரண்டையும் கெடுக்கும் விதம் வேறு. வலை என்பது காற்றில் மிதக்கும் நுண்துளிகளை வடிகட்டிப் பிடிக்கும் பொருள். தெளித்த மருந்தின் துளிகளும் அதில்தான் சேர்கின்றன. அந்த வலையைச் சிலந்தி தின்கிறது. சாகாத அளவு மருந்து போனாலும் கட்டும் வேலை தடுமாறும். 1948-இல் பீட்டர் விட் என்ற மருந்தியலாளர் சிலந்திகளுக்குச் சில மருந்துகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் வலை ஒவ்வொரு விதமாகக் கோணுவதைக் காட்டினார். காஃபின் கொடுத்ததில் சுருளே ஒழுங்காக வரவில்லை. நரம்பைத் தாக்கும் பூச்சிமருந்துகளிலும் வலை சிறுத்து ஒழுங்கு குலைவது பிறகு தெரியவந்தது. சிலந்தி உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்திப்படுவது தவறு. காலையில் வலை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் அடித்தபின் புகையான் முன்னைவிட அதிகமாகக் கிளம்புவது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். எதிரிகள் செத்துவிட, இலையுறைக்குள் வைத்த முட்டை தப்பிவிடுகிறது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1990-களில் வியட்நாமின் மேகாங் டெல்டாவில் விதைத்த முதல் 40 நாள் மருந்தடிக்காதீர்கள் என்று விவசாயிகளிடம் பரப்பியதற்கும் இதுவே அடிப்படை. அந்த நாட்களில்தான் சிலந்திகள் வயலில் குடியேறிப் பெருகுகின்றன.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் சிலந்தியைக் கணக்கில் சேர்க்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூர் (ஒற்றைத் தண்டு) ஒன்றுக்கு 1 புகையான் என்றால் மருந்து; குத்துக்கு (ஒரே இடத்தில் கிளைத்த தூர்களின் கொத்து) 1 சிலந்தி இருக்கும் வயலில் தூர் ஒன்றுக்கு 2 வரை பொறுக்கலாம். எண்ணும் முறை எளிது. காலை வெயில் ஏறுமுன், வயலைக் குறுக்காக நடந்து 20 குத்துகளை எடுங்கள். முதலில் தொடாமல் இலை நுனிகளில் வலையையும் டெட்ராக்னாதாவையும் பாருங்கள். தொட்டால் நழுவித் தண்ணீர்ப் பக்கம் போய்விடும். பிறகு குத்தைச் சாய்த்து இரண்டு தட்டுத் தட்டி, தண்ணீரில் விழும் புகையானையும் ஓடும் ஓநாய்ச் சிலந்தியையும் எண்ணுங்கள். வரப்போரக் குத்துகளை மட்டும் எண்ணக் கூடாது. புல்லிலிருந்து வரும் சிலந்தியால் எண்ணிக்கை கூடித் தெரியும்.

அப்படியும் மருந்து தேவைப்பட்டால் தண்ணீரை வடித்துவிட்டு, விசைத்தெளிப்பான் முனையைத் தாழ்த்திப் பயிரின் அடித்தூரில் படும்படி அடியுங்கள். புகையான் இருப்பது அங்கேதான். மேலிருந்து தூவிக்கொண்டே போனால் முதலில் நனைவது வலை. அடித்தூருக்குப் போய்ச் சேர்வது மிச்சம்தான்.